படகில் நிற்பவர் கண்ணுக்கு நீ தெரிய வேண்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே பட்டர்வொர்த்தில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தியோமான் தீவுக்கு டைவிங் போக நீ எழுதி அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்தேன். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், புது மாஸ்க், காலில் மாட்டும் ஃபின்ஸ், கேமராவுக்கு ஒரு பெட்டி எல்லாம் இருக்கின்றன. நீ மேலே வந்து மிதக்கும்போது உன்னை யாராவது கண்டுபிடிக்க உதவும் பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. போனில் கேட்டால், "அதெல்லாம் டைவ் மாஸ்டர் வைத்திருப்பார்ப்பா" என்கிறாய். அவரைவிட்டு நீ விலகிப் போய்விட்டால் அவர் பையில் இருப்பது உனக்கு எப்படி உதவும்?

அப்பாவுக்கு டைவிங் தெரியாது. ஆனால் பினாங்கு ஃபெரியில் வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றவன். கொஞ்சம் காற்றடித்தால் போதும், சற்றுத் தள்ளி மிதக்கும் தேங்காய்கூட அலைக்கு அலை மறைந்துவிடும். கடலில் மனிதத் தலையும் அவ்வளவுதான். நீ போடுவதோ கறுப்பு உடை. சாயங்கால வெயில் பட்டுக் கண் கூசும் பக்கத்தில் நீ இருந்தால், படகோட்டி உன் திசையிலேயே திரும்பி நின்றாலும் நீ தெரிய மாட்டாய். உனக்கோ படகு நன்றாகத் தெரியும். அதனால் அவர்களும் உன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று நம்பிவிடுவாய். எனக்குப் பயமே அங்கேதான்.

2022 ஏப்ரலில் மெர்சிங் பக்கம், தோக்கோங் சாங்கோல் தீவருகே டைவிங் போன நால்வர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பயிற்சியாளரான நார்வே பெண்ணை மறுநாள் மீட்டார்கள். இரண்டு பேரை இரண்டரை நாள் கழித்து மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் பிழைக்கவில்லை. கப்பல், விமானம், ஹெலிகாப்டர் என்று தேடியும் இவ்வளவு நேரம் பிடித்தது. நீயும் அதே மெர்சிங்கில்தான் படகேறப் போகிறாய்.

பெர்ஹெந்தியன் தீவில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் உன் பெரியப்பா மகனிடம் நிறையக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் வாங்க வேண்டியது சாசேஜ் என்று அவர்கள் சொல்லும் காற்றடைக்கும் குழாய். கடைக்காரர் ஒரு மீட்டர் நீளத்தில் மலிவாக ஒன்றைக் காட்டுவார், வேண்டாம். நிமிர்ந்து நின்றால் ஆள் உயரம், அதாவது 1.8 மீட்டராவது இருக்கவேண்டும். நல்ல பருமனாக, ஆரஞ்சு நிறத்தில், நுனியில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டியதாகப் பார். அடிப்பக்கம் திறந்திருக்கும் வகை, மேலே வந்து சாய்ந்தால் காற்றை விட்டுவிடும். மூடிய வகையில் அதிகக் காற்றை வெளியேற்றும் வால்வு இருக்கும், அதையே வாங்கு. கூடவே 30 மீட்டர் கயிறு சுற்றிய ஸ்பூல்.

கீழே இருக்கும்போதே இதை மேலே அனுப்பிவிட வேண்டும். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கிறீர்கள் அல்லவா, அதற்கு முன்பே அனுப்பிவிட்டால், நீ வெளியே தலை நீட்டுமுன் படகோட்டிக்கு இடம் தெரிந்துவிடும். தீவுக்குத் தீவு பறக்கும் விரைவுப் படகுகளும் விலகிப் போகும். அண்ணன் அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று: 20 மீட்டரில் ஊதிய காற்று மேலே வருவதற்குள் மூன்று மடங்காகிவிடும். அதனால் கீழே கொஞ்சம் ஊதினாலே போதும். ஸ்பூலை உன் உடுப்பில் மாட்டிவிட்டு ஊதவே கூடாது. கயிறு சிக்கினால் சாசேஜ் உன்னையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். சிக்கினால் உடனே கையை விட்டுவிடு, போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். இதைக் கடலில் முதல் தடவை செய்து பார்க்காதே. கோலாலம்பூரில் நீ பயிற்சி எடுத்த நீச்சல் குளத்திலேயே கை பழகும்வரை செய்.

அப்புறம் விசில். உள்ளே உருண்டை இல்லாத விசிலாக வாங்கு, நனைந்தாலும் ஊதும். தோள் பக்கத்தில் கட்டிக்கொள். ஆனால் விசிலை மட்டும் நம்பிவிடாதே. எஞ்சின் ஓடும்போது அருகில் நிற்பவருக்கு எதுவுமே காதில் விழாது, இது நானே அனுபவித்தது. சிலிண்டர் காற்றில் ஊதும் ஹாரன் இருக்கிறதாம். சத்தம் பெரிதுதான், சிலிண்டர் காலியானால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

கையளவு கண்ணாடி ஒன்று வைத்துக்கொள். வெயில் இருந்தால் அதன் மினுக்கல் பல கிலோமீட்டர் போகும், விமானத்தில் இருப்பவர்கூடப் பார்ப்பார். பகல் டைவிங்தானே என்று டார்ச்சை அறையில் வைத்துவிட்டுப் போகாதே. இருட்டிவிட்டால் டார்ச்சைச் சாசேஜோடு ஒட்டிப் பிடித்து உள்ளே வெளிச்சம் அடித்தால் குழாய் முழுவதும் ஒளிரும். வலை சிக்கினால் அறுக்க ஒரு சின்ன வெட்டுக் கருவியும் எடுத்துக்கொள்.

ஜி.பி.எஸ் கருவி பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு வகை, ஏ.ஐ.எஸ் (கப்பல்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் இடத்தைக் காட்டிக்கொள்ளும் ரேடியோ கருவி) வைத்திருக்கும் அருகிலுள்ள கப்பல்களுக்கு உன் இடத்தைக் காட்டும். சின்ன மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அது இருக்காது. இன்னொரு வகையான பி.எல்.பி, அதாவது ஆபத்தில் உதவி கேட்கும் கையடக்கக் கருவி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கே செய்தி அனுப்பும். அதை உன் பெயரில் பதிவு செய்யவேண்டும், ஆழத்துக்குக் கொண்டுபோகத் தனி உறையும் வேண்டும். இரண்டுமே விலை அதிகம். சிப்பாடான், லாயாங் லாயாங் என்று தூரம் போக ஆரம்பித்தால் பாதிப் பணம் அப்பா தருகிறேன். இந்தப் பயணத்துக்குச் சாசேஜ், விசில், கண்ணாடி, டார்ச் இருந்தாலே எனக்கு நிம்மதி. கேமராப் பெட்டி அடுத்த வருஷம் வாங்கலாம். சாசேஜுக்கும் ஸ்பூலுக்குமாக உன் கணக்கில் 300 வெள்ளி போட்டிருக்கிறேன்.

ஒருவேளை படகைக் காணவில்லை என்றால், பி.சி.டி-யில், அதாவது உன்னை மிதக்கவைக்கும் காற்றுச் சட்டையில், காற்றை நிரப்பு, இடுப்பில் எடைக்குக் கட்டிய ஈயத்தைக் கழற்றிப் போடு, மாஸ்க்கைக் கழற்றாதே, கூட வந்தவர்களைப் பிடித்துக்கொள். கரை தெரிகிறதே என்று தனியாக நீந்தப் போகாதே.

எந்தக் கடை மூலம் போகிறாய், படகோட்டியின் போன் எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை முதல் நாள் இரவே எனக்கு அனுப்பிவிடு. திரும்பியதும் ஒரு மெசேஜ் போடு. சொன்ன நேரத்தைத் தாண்டியும் வராவிட்டால் முதலில் அந்தக் கடைக்கு அழைப்பேன், அவர்களும் எடுக்காவிட்டால் 999-க்கு அழைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா