மண்டி எலியைப் பாம்புக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மண்டி வைத்திருக்கிறேன். அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் இடத்தில் எலி வராமல் இருக்குமா? ராத்திரி கூண்டு வைத்தால் காலையில் ஒன்றிரண்டு மாட்டியிருக்கும். சமீபகாலமாக அந்த எலிகளைக் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். “அண்ணாச்சி, உயிரோட குடுங்க, பால் பைத்தானுக்கு வேணும்” என்கிறார்கள். பால் பைத்தான் (ball python) என்பது வீட்டில் வளர்க்கிற ஒரு வகை மலைப்பாம்பு. நான் கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வருகிறது. அதனால் காரணத்தை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மருந்து வைப்பதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எலிக்கேக் வைக்கிறவர்கள் உண்டு. புரோமடியோலோன் என்ற எலி விஷம் கலந்த கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையும் தன்மை போய்ச் சாவதற்குச் சில நாள் ஆகும். அதுவரை ஓடியாடித் திரியும், என் கூண்டிலும் வந்து விழும். பார்வைக்கு நல்ல எலிதான். அதை விழுங்குகிற பாம்பின் வயிற்றுக்கு அந்த விஷமும் சேர்ந்தே போகும். விஷம் இல்லாவிட்டாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் சிறுநீரில் இருக்கலாம். வெறுங்கையால் கூண்டைத் தூக்கி பைக்கில் மாட்டிக்கொண்டு போகிற பையனை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அப்புறம், உயிரோடு போடுவது. என் தம்பி மகனும் திருநகரில் ஒரு பால் பைத்தான் வளர்க்கிறான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சாதுவான பாம்பு, பயந்தால் பந்துபோலச் சுருண்டுவிடும். வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் கிடப்பது அதன் இயல்பு. தோல் உரிப்பதற்கு முன் கண் மங்கியிருக்கும்போது பெரும்பாலும் இரையைத் தொடாது. அவனுடைய நண்பன் வீட்டில் அப்படி ஒரு நேரத்தில் உயிருள்ள எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். விடிவதற்குள் பாம்பின் முதுகு சதை தெரியக் குதறப்பட்டிருந்தது. அதை நேரில் பார்த்தேன், இன்னும் மனது ஆறவில்லை. எலியை என்ன சொல்வது? பசி, பயம், ஓட வழியில்லாத பெட்டி.

தம்பி மகன் பண்ணையில் வளர்த்து, கொன்று, உறையவைத்த வெள்ளை எலியைத்தான் கொடுக்கிறான். முதல் நாள் ராத்திரி மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பான். மறுநாள் அதை உறையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் பிடித்து அசைத்துக் காட்டுவான். பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணர்வதால் உடனே கவ்விக்கொள்ளும். எலி, பாம்பு உடம்பின் தடித்த பாகத்தைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது.

உறைந்த எலிக்கு இன்னும் பழகாத பாம்பு என்றால், சரி, பண்ணை எலியையே உயிரோடு விடுங்கள். ஆனால் பக்கத்தை விட்டு நகராதீர்கள். கால் மணி நேரத்தில் பிடிக்கவில்லையென்றால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள்.

இதுபோன்ற வெளிநாட்டு உயிரினங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. பதிவு செய்பவர்களுக்கு, இரை கொடுக்கும் முறையைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்து வனத்துறையும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து கொடுக்க வேண்டுகிறேன். எலி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க எனக்கும் ஒரு கட்டு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மளிகை வியாபாரி,
கீழமாசி வீதி, மதுரை.