டல் சீசனில் வீட்டு பார்லர்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூட்டம் குறைந்துவிட்டது என்றும், எல்லா சர்வீஸுக்கும் 25 சதவீதம் தள்ளுபடி அறிவிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அறிவிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்.

ஒரு ஃபேஷியலுக்கு 100 வாங்குவதாக வைத்துக்கொள். க்ரீம், மாஸ்க், பஞ்சு, டவல் சலவை, மின்சாரம் எல்லாமாக 30 போகிறது. உன் கையில் நிற்பது 70. கட்டணத்தை 75 ஆக்கினாலும் செலவு அதே 30தான். அப்போது நிற்பது 45. முன்பு 10 பேருக்குச் செய்து எடுத்த 700ஐ எடுக்க இப்போது 16 பேருக்குச் செய்ய வேண்டும். ஆள் வராத காலத்தில் அந்த 6 பேர் எங்கிருந்து வருவார்கள்? அது மட்டுமில்லை, முழுக் கட்டணம் கொடுத்து எப்படியும் வந்திருக்கக்கூடிய பழைய கஸ்டமருக்கும் நீயாகவே 25ஐத் திருப்பிக் கொடுக்கிறாய். சீசன் திரும்பியதும் பழைய கட்டணத்தைச் சொன்னால், ஏற்றிவிட்டாள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

டல் சீசனில் உன்னிடம் தாராளமாக இருப்பது நேரம். அதையே கொடு. அதே 100க்கு ஃபேஷியல் செய்து, கூடவே 15 நிமிடம் கை மசாஜ் கொடுத்தால் லோஷனுக்கு ஒரு 5 கூடும். கையில் 65 நிற்கும். வந்தவருக்கோ தனக்காக நேரம் ஒதுக்கிச் செய்தாள் என்ற நிறைவு இருக்கும். தலை மசாஜ், பெடிக்யூரோடு கூடுதல் கால் மசாஜ், நகங்களை வடிவாக்கி விடுவது எல்லாம் இந்த வகையில் சேரும். ஐப்ரோவை மட்டும் இலவசமாக்கிவிடாதே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆளை உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதே அதுதான். ஒருமுறை சும்மா செய்துவிட்டால் அடுத்த முறை அதற்குக் காசு கேட்பது சங்கடம்.

ஆனால் எந்தச் சலுகைக்கும் முன்னால், குறைந்தது எது என்று தெரிய வேண்டும். அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து, கடந்த 12 மாதத்தையும் வாரவாரமாக எண்ணு. வழக்கமாக வருகிற எல்லோருமே கொஞ்சம் தாமதித்து வருகிறார்கள் என்றால் அது சீசன். மற்றவர்கள் வந்துகொண்டிருக்க, குறிப்பிட்ட சிலர் மட்டும் அடியோடு நின்றுவிட்டார்கள் என்றால் அது கசிவு. வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள், அல்லது ஏதோ மனக்குறை இருக்கும். அதை எந்த விளம்பரமும் அடைக்காது, நேரில் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். வாரக் கடைசி நிரம்பி வார நடுவில் காற்றாடுகிறது என்றால், அது சீசனே இல்லை, நேர அட்டவணைப் பிரச்சினை. காலியாக இருக்கும் அந்தக் கிழமை, அந்த மணிநேரத்துக்கு மட்டும் கை மசாஜ் சலுகையை வைத்தால் போதும். நேரம் மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாறிக்கொள்வார்கள், வாரக் கடைசியில் புதியவருக்கு இடம் கிடைக்கும்.

அடுத்து, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தவணைப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகச் செய்த சர்வீஸையும் தேதியையும் எழுது. ஐப்ரோவுக்கு 3 வாரம், வேக்சிங்குக்கு 4 முதல் 6 வாரம், ஃபேஷியலுக்கும் பெடிக்யூருக்கும் 4 வாரம், ஜெல் பாலிஷுக்கு 2 முதல் 3 வாரம், வேர்ப்பகுதி கலர் டச் அப்புக்கு 4 முதல் 6 வாரம், முடி நுனி வெட்டுவதற்கு 8 வாரம் என்று வைத்துக்கொண்டு, அடுத்து வரவேண்டிய தேதியைக் குறி. தவணை நெருங்கியவர் ஒரு நிறம், தவணையைப் போல ஒன்றரை மடங்கு நாள் கடந்தவர் இன்னொரு நிறம். இரண்டாவது நிறத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் செய்தி போக வேண்டும். புதிய ஒருவரை முதல்முறை வரவைக்கும் பாடு இவர்களிடம் இல்லை. வழி தெரியும், உன் கை தெரியும்.

செய்தி தனித்தனியாகப் போகட்டும், பெயர் சொல்லி, காரணம் சொல்லி. "போன முறை கலர் போட்டு 6 வாரம் ஆகிறது, வேரில் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். புதன் காலை 11 மணி, வியாழன் மதியம் 3 மணி காலியாக இருக்கிறது. எது வசதி?" இவ்வளவு போதும். இரண்டு நேரம் கொடுத்துக் கேட்டால் பதில் எழுதுவது எளிது, "எப்போது வருகிறீர்கள்?" என்று விட்டுவிட்டால் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். "ஏன் வரவில்லை?" என்ற தொனி எந்த வரியிலும் வேண்டாம்.

கலருக்கு இன்னொரு உண்மையான காரணமும் சொல்லலாம். தலைத்தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உடல் சூடு படுவதால் அங்கே கலர் வேகமாக வேலை செய்யும். நாள் கடத்தி, வளர்த்தி அதைவிட வெகுதூரம் நீண்டுவிட்டால் வேரில் ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று பட்டை விழுந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய உனக்கும் நேரம், அவருக்கும் செலவு. இப்படி விளக்கிச் சொன்னால் தள்ளுபடி இல்லாமலே வருகிறவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் எல்லோரையும் ஒரே குரூப்பில் போடாதே. ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். தான் பார்லருக்கு வருவதையே வெளியே சொல்ல விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் சரி, ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அனுப்பியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்று பலர் சோர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் முதல்முறை வருகிறவர் கிளம்புவதற்குள், செய்தி அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு, எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வைத்திருந்தால் லேபிள் வசதியை இந்தத் தவணை நிறங்களுக்கே பயன்படுத்தலாம். பொதுச் செய்தி மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நிறுத்தச் சொன்னவரை அன்றே எடுத்துவிடு.

இனி காம்போ பற்றி. இதில்தான் எனக்குக் கவலை அதிகம், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டல் சீசன் என்றாலே வேக்சிங், ப்ளீச், ஃபேஷியல், ஐப்ரோ எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி, ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். விலைப் பட்டியலில் அது அழகாக இருக்கும், தோலுக்கு ஆகாது. வேக்சிங் முடியோடு சேர்த்து தோலின் மேல் படலத்தையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறது. அதன்மேல் அதே நாளில் ஸ்க்ரப், ஆவி, பழ அமிலம், ப்ளீச் எது பட்டாலும் எரிச்சல், சிவப்பு, சில சமயம் கருமை படிந்துவிடும். முகத்தில் வேக்சிங்கோ த்ரெடிங்கோ செய்தால் இவற்றுக்கெல்லாம் குறைந்தது 24 முதல் 48 மணிநேரம் இடைவெளி வேண்டும். ரெட்டினால் க்ரீம் போடுகிறவர் சில நாள் முன்பே அதை நிறுத்தியிருந்தால்தான் முகத்தில் வேக்ஸ் போடலாம், இல்லாவிட்டால் தோல் உரிந்து வந்துவிடும். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை எடுப்பவருக்கு எடுக்கும் காலத்திலும் நிறுத்தி 6 மாதம் வரையிலும் வேக்ஸ் கூடவே கூடாது.

ஆகவே காம்போவை உடம்பின் வெவ்வேறு இடங்களுக்குக் கட்டு. முகத்தில் ஃபேஷியல், காலில் பெடிக்யூர். கை, கால் வேக்சிங்கோடு ஹேர் ஸ்பா. அல்லது இரண்டு வருகையாகப் பிரி: முதல் நாள் வேக்சிங், அடுத்த வாரம் ஃபேஷியல். உனக்கும் இரண்டு நாள் நிரம்பும். வெயில் குறைந்த மாதங்களில்தான் டல் என்றால் பழ அமிலம் சேர்ந்த ஃபேஷியலை அப்போது முன்னிறுத்தலாம். அமிலம் பட்ட தோல் வெயிலைத் தாங்காது என்பதால், செய்துகொள்ளும் காலத்திலும் முடிந்த பின் ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் கட்டாயம் என்று எழுதியே கொடு. கடும் வெயில் மாதங்கள் டல் என்றால் கால், கை, முடி சம்பந்தப்பட்டவற்றைப் பேசு.

"இன்றே வாருங்கள், இன்றே கலர்" என்ற விளம்பரமும் வேண்டாம். கலருக்கு 48 மணிநேரம் முன்பே, அலர்ஜி வருகிறதா என்று தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வைக்க வேண்டும். முன்பு பலமுறை போட்டவருக்கும் திடீரென்று அலர்ஜி வரலாம், அதனால் ஒவ்வொரு முறையும் வேண்டும். தற்காலிகக் கறுப்பு டாட்டூ போட்டுக்கொண்டவர்களிடம் கூடுதல் கவனம், அதிலிருக்கும் சாயப்பொருளால் தோல் ஏற்கெனவே ஒவ்வாமைக்குப் பழகியிருக்கலாம். இந்த டெஸ்ட்டையே விளம்பரமாக்கலாம்: வார நடுவில் 10 நிமிடம், கட்டணமில்லை, காதுக்குப் பின்னால் டெஸ்ட் வைத்து, முடியைப் பார்த்து, எந்த நிறம் பொருந்தும் என்று பேசி அனுப்புவது. அப்படி வந்துபோனவர் பெரும்பாலும் கலர் போடவும் வருவார்.

போட்டோ விஷயத்தில் நீ கெட்டிக்காரி, அதிகம் சொல்ல வேண்டாம். முன், பின் இரண்டும் ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே தூரம், ஃபில்டர் இல்லாமல். சம்மதத்தை எழுத்தில் வாங்கு, முகம் தெரியலாமா என்பதைத் தனியாகக் கேள். கூகுளில் ரிவ்யூ எழுதச் சொல்லலாம். அதற்குப் பதிலாகத் தள்ளுபடி தருவது அவர்கள் விதிப்படி கூடாது.

பரிந்துரைக் கார்டு நன்றாக வேலை செய்யும், ஆனால் பத்து பத்தாகக் கொடுக்காதே. இரண்டே கார்டு கொடுத்தால் யாருக்குத் தரலாம் என்று யோசித்துத் தருவார்கள். கார்டின் பின்புறம் தருபவர் பெயர் இருக்கட்டும். புதியவர் வந்து, பணம் கொடுத்து முடித்த பிறகே தந்தவருக்கும் சலுகை. அதையும் காலியான நாட்களில் பயன்படுத்தும்படி வை. வீடு என்பதால் ஒன்று: முழு முகவரியைப் பொதுவில் போடாதே. பகுதியின் பெயர் போதும், நேரம் உறுதியானதும் முகவரியை அனுப்பு. முன்பின் தெரியாதவருக்கு, வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தையே கொடு.

கிஃப்ட் வவுச்சர் விற்பதாக இருந்தால் கூட்டம் அலைமோதும் காலத்தில் விற்று, டல் வாரங்களில் செல்லுபடியாகும்படி தேதி போடு. எண் போட்டு நோட்டில் பதி. அந்தப் பணத்தை சர்வீஸ் செய்து முடிக்கும் வரை தனியாக வை. முன்பே செலவழித்துவிட்டால் டல் சீசனில் சும்மா வேலை செய்வதுபோல் ஆகிவிடும்.

உண்மையில் டல் சீசனை நிரப்பும் வேலை இரண்டு மாதம் முன்பே, நாற்காலி நிரம்பியிருக்கும்போது நடக்க வேண்டியது. கண்ணாடியில் பார்த்து முகம் மலரும் அந்த நிமிடத்தில், "ஐப்ரோ இந்த வடிவம் மூன்று வாரம் நிற்கும், 22ஆம் தேதி எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேள். பணம் வாங்கும்போது கேட்டால் அவர் கவனம் பையில் இருக்கும். முந்தின நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் வராமல் போவது குறையும்.

சரக்கின் தரத்தில் கை வைக்காதே. கலரோடு கலக்கும் டெவலப்பர் பாட்டிலைத் திறந்துவிட்டால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும், அப்புறம் நரை மூடாது. டல் சீசனில் சின்ன பாட்டிலாக வாங்கு. திறந்த ஜாடிகளில் மூடி திறந்த படத்தோடு 6எம், 12எம் என்று இருக்கும், திறந்த பின் அத்தனை மாதம்தான். திறந்த தேதியை மார்க்கரால் எழுதிவிடு. காலாவதி ஆகப்போவதைத் தீர்க்க ஒரு சலுகை வைக்கலாமே என்று தோன்றும். அதை மட்டும் செய்யாதே.

கண் இமை முடியை மேல்நோக்கி வளைத்துவிடும் லாஷ் லிஃப்டைப் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். கற்றுக்கொள், ஆனால் சீசன் தொடங்கும்போது அறிமுகப்படுத்தாதே. இந்த அமைதியான வாரங்களில், முறையாகப் பயிற்சி முடித்த பிறகு, பழைய கஸ்டமர்கள் நாலைந்து பேருக்கு டெஸ்ட் வைத்துப் பொருள் செலவுக்கு மட்டும் செய்துகொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு போட்டோ எடுத்து வை. உனக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்த பிறகு கட்டணம் வை.

எந்தச் சலுகை வைத்தாலும் நோட்டில் நான்கு கட்டம் போடு: எப்படித் தெரிந்து வந்தார், பழையவரா புதியவரா, பொருள் போக எவ்வளவு நின்றது, 8 வாரத்துக்குள் திரும்ப வந்தாரா. கடைசிக் கட்டம் நிரம்பத்தான் நாள் பிடிக்கும், பொறுமையாக இரு. சலுகைக்கு மட்டும் வந்து திரும்பாதவர்களே அதிகம் என்றால் அந்தச் சலுகையை அடுத்த முறை விட்டுவிடு. வாரவாரமாக எண்ணி முடித்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்தக் கிழமையிலிருந்து தொடங்கலாம் என்று இருவருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழி