முகத்தைப் பார்த்துக் குற்றவாளியைச் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றவாளியின் மனதைக் கணித்து ஆளைப் பிடிக்கும் ‘புரொஃபைலிங்’ முறையைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். தெலுங்கு தெரியாத கட்சிக்காரர்கள் வந்தால் அவர்கள் தமிழில் சொல்வதைக் கேட்டு எழுதுவதும் என் வேலைதான். அந்தக் கட்டுரை விட்டுவிட்ட சிலவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நியூயார்க்கில் பல ஆண்டுகள் குண்டு வைத்த ஜார்ஜ் மெடெஸ்கியின் கதையைச் சொல்லியிருந்தீர்கள். 1956இல் மனநல மருத்துவர் ஜேம்ஸ் பிரஸல், பிடிபடும்போது அவன் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு போட்டிருப்பான், பொத்தானும் மாட்டியிருப்பான் என்றார். கைது செய்யப் போனபோது பைஜாமாவில் இருந்தவன், உடை மாற்றிக்கொண்டு அப்படியேதான் வந்தான். உண்மை. ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்தது கோட்டு இல்லை. அவன் முன்பு வேலை பார்த்த மின்சார நிறுவனத்தில் ஆலிஸ் கெல்லி என்ற பெண் குமாஸ்தா, பழைய ஊழியர்களின் இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே போனார். குண்டு வைத்தவன் எழுதிய கடிதங்களில் இருந்த வார்த்தைகள் ஒரு கோப்பிலும் இருந்தன. 1957 ஜனவரியில் அவன் பிடிபட்டான். கணிப்பைப் பத்திரிகைகளில் வெளியிடச் சொன்ன வகையில் பிரஸலுக்கும் இதில் பங்கு உண்டு. இருந்தாலும் கெல்லியின் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லாதது எனக்கு வருத்தம்.

இந்த முறையே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்கள் தாக்கப்பட்ட வழக்கில், 1986இல் டேவிட் கேன்டர் என்ற உளவியலாளர் சம்பவ இடங்களை வரைபடத்தில் குறித்து, நாளாக ஆக அவை எப்படி விரிந்து போகின்றன என்று பார்த்து, ஆள் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று சொன்னார். போலீசிடம் ஏற்கெனவே இருந்த நீளமான பட்டியலில் எங்கோ கீழே கிடந்த ஜான் டஃபியின் பெயர் மேலே வந்தது. இங்கே தொடக்கம் நடந்த சம்பவம். இடம், நேரம், செய்த விதம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆளிடம் வருகிறார்கள்.

அதே லண்டனில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1992இல் ரேச்சல் நிக்கல் என்ற இளம்பெண் தன் சின்ன மகனின் கண் எதிரே கொல்லப்பட்டார். நிபுணர் போட்டுக்கொடுத்த மனச் சித்திரத்துக்கு காலின் ஸ்டாக் என்பவர் பொருந்துகிறார் என்று போலீஸ் முடிவு கட்டியது. பெண் போலீஸ் ஒருவரை மாறுவேடத்தில் அவரோடு மாதக்கணக்கில் பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1994இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். அதற்குள் ஸ்டாக் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். உண்மையில் கொன்ற ராபர்ட் நாப்பர் அந்த இடைவெளியில், 1993 நவம்பரில், இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். நிக்கல் வழக்கில் டி.என்.ஏ. தடயத்தின் பேரில் அவன் தண்டிக்கப்பட்டது 2008இல். தவறான ஆளின் மனதை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் குழந்தையின் உயிர் போயிருக்கிறது. இதை உங்கள் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டுவது குற்றம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காட்பாடியில் இருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் பேருந்தில் ஜவ்வாது மலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், மரம் எங்கே, கோடாரி எங்கே என்று யாரும் தேடுவதில்லை. பேச்சு தமிழ், தோளில் துண்டு, உள்ளங்கையில் காய்ப்பு, கூட நாலு பேர் என்றால் போதும், போலீசார் இறக்கிவிடுகிறார்கள்.

எங்களிடம் வந்த ஒரு மலைக்கிராமத்து இளைஞரின் வழக்கில், ‘கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தலை குனிந்து சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டார்’ என்று எழுதியிருந்தது. காய்ப்பு கான்கிரீட் சட்டி தூக்கியதால் வந்தது. தலை ஏன் குனிந்தது என்று கேட்டேன். “அவங்க என்ன கேட்டாங்கன்னே தெரியலண்ணா. நிமிர்ந்து பார்த்தா அடிப்பாங்கன்னு பயமா இருந்துச்சு” என்றார். ஜாமீன் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது.

கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய் சொல்கிறான் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், படித்தவர்களும்கூட. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட முடிவில், மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்துச் சொன்னது 100க்கு 54 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். தெரியாத மொழியில், பயந்து நிற்கும் மனிதரிடம் இந்த வித்தையை நம்பலாமா?

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், இன்ன சாதியில் பிறந்தவனின் சுபாவமே திருட்டு என்று எழுதிவைத்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சித்தூர் அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது. நாடு முழுவதும் 1952இல் அது ரத்தானது. இன்றும் எங்காவது நகை காணாமல் போனால் இருளர், குறவர் குடிசைக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். அதற்கு உளவியல் என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் கேள்வி கேட்கவே ஆள் இருக்காது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

உண்மை அறியும் மருந்து ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு மூன்றையும் ஒருவர் சம்மதமில்லாமல் அவர் மேல் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. புரொஃபைலிங்குக்கும் இப்படி ஒரு வரம்பு வேண்டும். காவல்துறை உளவியலாளர்களைத் தாராளமாக வேலைக்கு எடுக்கட்டும். அவர்கள் சம்பவ இடத்தை ஆராய்ந்து, தங்கள் கணிப்பைக் காரணங்களோடு எழுதி, ஆள் பிடிபடுவதற்கு முன்பே கோப்பில் வைக்கட்டும். அப்போதுதான் எத்தனை பலித்தது, எத்தனை தவறியது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கணிப்பு தேடுவதற்கு உதவட்டும், சாட்சியாக நீதிமன்றத்துக்கு வரக் கூடாது.

இன்னொன்று. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்க முடிகிறது. ஆனால் ஒருவரின் விதி பெரும்பாலும் அதற்கு முன்பே, விசாரணையின் முதல் சில மணி நேரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சித்தூர், திருப்பதி, கடப்பா மாவட்டங்களில் தமிழ் பேசுகிறவரைப் பிடித்தால், போலீஸ் அல்லாத, தமிழ் தெரிந்த ஒருவர் அந்த நேரத்திலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். இரு மாநில அரசுகளும் இதைப் பேசி முடிவு செய்ய உங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
சித்தூர்.