கறுப்பு கவர்ல மாத்திரை வாங்குற அம்மாக்களுக்காக ஹெச்.எம்.களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹெச்.எம். சார்களுக்கும் மேடம்களுக்கும், மெட்ரிக் பள்ளி கரஸ்பாண்டன்ட்களுக்கும் வணக்கம்.

நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், டி.பார்ம் படிச்சவன், டாக்டர் கிடையாது. பிபி, சுகர் மாத்திரை வாங்க வர்றவங்க சத்தமா பேர் சொல்லி கேப்பாங்க, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட உங்களுக்கு சுகர் எவ்ளோன்னு விசாரிப்பாங்க. புள்ளைக்கு வலிப்பு மாத்திரை வாங்க வர்ற அம்மா மட்டும் கூட்டம் கலையுற வரைக்கும் ஓரமா நிப்பாங்க, சீட்ட நாலா மடிச்சு நீட்டி, அண்ணே கறுப்பு கவர்ல போட்டு குடுங்கன்னு மெதுவா சொல்லுவாங்க. ஏம்மா இப்படி பயப்படுறீங்கன்னு கேட்டா பொம்பளைப் புள்ளையா இருந்தா கல்யாணம்னு சொல்லுவாங்க (வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு சட்டத்துல இருந்தத 1999லயே எடுத்தாச்சு, நம்ம ஊர் தரகர்களுக்கு இன்னும் தகவல் வரல போல), ஆனா ஆம்பளைப் புள்ளையோ பொம்பளைப் புள்ளையோ எல்லாரும் சேர்த்து சொல்ற காரணம் ஒண்ணு இருக்கு, ஸ்கூலுக்கு தெரிஞ்சா அனுப்பிருவாங்க.

நேரடியா டி.சி. குடுக்கறது கம்மிதான், எனக்கும் தெரியும். "குணமானதும் கூட்டிட்டு வாங்க, மத்த புள்ளைங்க பயப்படுதுங்க, இனிமே வராதுன்னு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க", இதான் சொல்றது. எந்த நியூராலஜிஸ்ட்டும் அப்படி ஒரு லெட்டர் எழுதித் தர முடியாதுங்க, இனிமே கரண்ட் கட்டே ஆகாதுன்னு ஈ.பி. ஆபீஸ்ல எழுதி கேக்குற மாதிரிதான் அது. எட்டாம் வகுப்பு முடியுற வரைக்கும் ஒரு புள்ளைய வெளிய அனுப்பக்கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கறது என்னவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும், லெட்டர் வர்ற வரைக்கும் வீட்ல இருன்னு சொல்றதும் வெளிய அனுப்புறதும் அந்தப் புள்ளைக்கு ஒண்ணுதானே.

அப்புறம் என்ன ஆகுது பாருங்க. அனுப்பிருவாங்கன்னு பயந்து வீட்ல மறைக்கிறாங்க, மறைக்கிறதால கிளாஸ் டீச்சருக்கு தெரியாது, தெரியாததால ஒருநாள் பிரேயர்ல நிக்கும்போது புள்ள பொத்துன்னு விழுந்தா எல்லாரும் அலறி, ஒருத்தர் சாவிக்கொத்த கைல திணிக்க, இன்னொருத்தர் பல்லுக்கு நடுவுல ஸ்பூன விட, பல்லு உடைஞ்சு ரத்தம் வர, அத பாத்துட்டு மத்த புள்ளைங்க அழ, மறுநாள் நீங்க பெத்தவங்கள கூப்பிட்டு அனுப்புறீங்க. இத கேள்விப்பட்ட இன்னொரு அம்மா இன்னும் கெட்டிக்காரத்தனமா மறைக்கிறாங்க.

அந்த சாவி விஷயத்த மட்டும் சொல்லிடுறேன். பெரும்பாலான வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும். அதுக்குள்ள யாராச்சும் ஓடிப்போய் சாவி எடுத்துட்டு வந்து கைல குடுத்துருப்பாங்க, பேரு சாவிக்கு போயிருது. உண்மைல செய்ய வேண்டியது ரொம்ப கம்மி. சுத்தி இருக்கற பெஞ்ச், கல்லு எல்லாத்தையும் நகத்தணும், தலைக்கு கீழ பையோ துணியோ வைக்கணும், டையும் காலரும் லூஸ் பண்ணி ஒரு பக்கமா திருப்பி படுக்க வைக்கணும், வாட்ச்ல மணி பாக்கணும். கைகால அமுக்கிப் பிடிக்க வேண்டாம், வாயில எதுவும் வைக்க வேண்டாம், தண்ணியும் வேண்டாம் சோடாவும் வேண்டாம். நாக்க முழுங்கிருவான்னு பயப்படுறாங்க, நாக்க முழுங்கவே முடியாதுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டியும் நிக்கலன்னாலோ, முழிக்காமலே அடுத்தது வந்தாலோ, தலைல அடி பட்டிருந்தாலோ 108. மத்தபடி புள்ள குழம்பிப்போய் எழுந்திரிக்கும், தூங்கும், சில சமயம் யூனிஃபார்ம்ல யூரின் போயிருக்கும், அந்த நேரத்துல மத்த புள்ளைங்கள தள்ளி அனுப்பி கூட ஒரு டீச்சர் உக்காந்திருந்தா அதுவே பெரிய வைத்தியம்.

ஏன் வருதுன்னு கேட்டா, மூளை செல்லுங்க பேசிக்கிறதே மின்சார சிக்னல்லதான், ஒரு கூட்டம் செல்லு கட்டுப்பாடில்லாம ஒரே நேரத்துல சிக்னல் விட்டா வலிப்பு. தொட்டா ஒட்டாது, வாய்ல வர்ற நுரையாலயும் ஒட்டாது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் சரியா போகாதது, மூளைக்காய்ச்சல், தலைல பலமான அடி, சில வகைல பரம்பரை, இப்படி காரணம் பல இருக்கு, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு காரணமே பிடிபடாது. நம்ம நாட்டுல இன்னொண்ணும் இருக்கு, பன்றி நாடாப்புழுவோட முட்டை சாப்பாடு வழியா உள்ள போய் மூளைல கட்டியா நிக்கிறது. நாங்க சுத்த சைவம் ஆச்சேன்னு கேக்குறாங்க, ஆனா முட்டை வர்றது கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணி, கழுவாத கை வழியா, அதனால சைவம் அசைவம் பாக்காது. ஸ்கூல் டாய்லெட் குழாய் பக்கத்துல சோப்பு இருக்கான்னு ஒருதடவ பாத்துருங்க, அதுவும் வலிப்பு தடுப்புதான்.

இப்ப நீங்க மட்டுமே செய்யக்கூடிய விஷயத்துக்கு வரேன். எல்லா வலிப்பும் கீழ விழுந்து வெட்டி இழுக்காது. பாடம் நடக்கும்போதே பத்து செகண்ட் அப்படியே வெறிச்சுப் பாத்துட்டு, எழுதுன வரி பாதில நின்னு, கூப்பிட்டா காதுல விழாம, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தொடர்ற ஒரு வகை இருக்கு, பெரும்பாலும் பிரைமரி ஸ்கூல் வயசுல ஆரம்பிக்கும், ஒரு நாளைக்கு பல தடவ வரும். இத வீட்ல யாரும் கவனிக்க மாட்டாங்க, தினம் அஞ்சாறு மணி நேரம் மூஞ்ச பாக்குற டீச்சர்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனா "கனவு காண்றான், கவனமே இல்ல"ன்னு டைரில எழுதி விடுறோம்.

இன்னொரு வகை டீன் ஏஜ்ல வர்றது. காலைல எழுந்த கொஞ்ச நேரத்துல கை வெடுக்குன்னு உதறும், பிரஷ் கீழ விழும், காபி டம்ளர் சிந்தும், வீட்ல திட்டு விழும். தூக்கம் கெட்டா இது பெரிய வலிப்பா வந்துரும். இப்ப நம்ம பத்தாவது, பன்னெண்டாவது டைம் டேபிள நெனச்சுப் பாருங்க, காலைல ஆறு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி வரைக்கும் நைட் ஸ்டடி, அதுக்கு மேல வீட்ல ஒரு மணி வரைக்கும் படிப்பு. வலிப்பு இருக்கற புள்ளைக்கு தூக்கமும் ஒரு மருந்து, அத ஸ்கூலே பறிக்கக்கூடாது. ரிசல்ட் முக்கியம்தான், ஆனா அந்த ஒரு புள்ளைக்கு நைட் ஸ்டடில விலக்கு குடுத்தா செண்டம் எண்ணிக்கை ஒண்ணும் குறைஞ்சிராது.

வைத்தியம்னு பாத்தா நல்ல சேதிதான். சரியான மருந்த ஒழுங்கா எடுத்தா 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பே இல்லாம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மருந்துக்கு அடங்காதவங்கள்ல சிலருக்கு ஆபரேஷன் இருக்கு. வேலூர் சி.எம்.சி.ல 1949லயே நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு தனி டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சாச்சு, இந்தியாவுலயே முதல்ல. ஆனா மாத்திரைங்கறது ஒரு வார கோர்ஸ் கிடையாது, வலிப்பே வராம ரெண்டு வருஷமாச்சும் ஓடினப்புறம்தான் குறைக்கலாமான்னு டாக்டர் யோசிக்கவே ஆரம்பிப்பார், திடீர்னு நிறுத்தினா முன்னவிட மோசமா வரும். அப்போ குணமாகிட்டு வான்னா எந்த வருஷம் வரணும்? மாத்திரைல தூக்கம் வரலாம், லெவட்டிராசிட்டம்ங்கற வலிப்பு மாத்திரை எடுக்கற சில புள்ளைங்களுக்கு எரிச்சல், கோவம் ஜாஸ்தியாகும், ஃபெனிடாயின்ங்கற இன்னொரு மாத்திரை ஈறு வீங்க வைக்கும், இதெல்லாம் தெரியாம திமிருன்னு அடிக்கிறதும் நடக்குது. மதிய மாத்திரைய டாய்லெட்ல போய் ஒளிஞ்சு முழுங்குற புள்ள ஒருநாள் முழுங்காமலே வரும், அன்னைக்குத்தான் விழும்.

கேக்குறது அதிகமில்லைங்க. ஜூன்ல அட்மிஷன் ஃபார்ம் பிரிண்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி, பிளட் குரூப் கேக்குற இடத்துக்கு கீழ ரெண்டு வரி சேருங்க: "வலிப்பு, ஆஸ்துமா, சுகர் இருந்தால் எழுதவும். இதனால் அட்மிஷன் மறுக்கப்படாது." ரெண்டாவது வரிய கொட்டை எழுத்துல போடுங்க, ஏன்னா அது இல்லாட்டி முதல் வரிய யாரும் நிரப்ப மாட்டாங்க. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம், அன்னைக்கு பிரேயர்ல பத்து நிமிஷம் ஒதுக்கி ஒரு பையன பக்கவாட்டுல படுக்க வச்சு காட்டுனா போதும், பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டரையோ நர்ஸையோ கூப்பிட்டா வந்து சொல்லித் தருவாங்க. எங்க பக்கத்து ஸ்கூலா இருந்தா நானே மதியம் ஷட்டர இறக்கிட்டு வரேன்.