வலி தெரியும், காரணம் தெரியுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தன் மனத்தைப் பற்றி ஒருவர் அறிவது எல்லாமே ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. சாட்சிக்கு சங்கரரையும் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட்டையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சாட்சியம் அவ்வளவு தூரம் வராது.

'நான் இல்லை' என்று யாரும் எண்ணுவதில்லை என்கிறார் சங்கரர், பிரம்ம சூத்திர உரையின் தொடக்கத்திலேயே. கையோடு, அந்த 'நான்' எது என்பதில் உள்ள சண்டையையும் எடுத்துச் சொல்கிறார்: உடம்புதான் என்று ஒரு கூட்டம், மனம் என்று இன்னொன்று, வெறும் சூனியம் என்று மற்றொன்று. டெக்கார்ட் 1641-ல் கொஞ்சம் கூடுதலாகப் போனார். எதிரே தெரிவது பொய்யாக இருக்கலாம், தெரிவதாக எனக்குத் தோன்றுவது பொய்யாகாது. சரி, ஒப்புக்கொள்வோம். நேற்று நான் ஏன் எரிந்து விழுந்தேன் என்பதும் அதே உறுதியோடு தெரியும் என்று இதிலிருந்து எப்படி வரும்?

நிஸ்பெட், வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1977-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே நிறையப் பேர் எடுத்தார்கள். ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டால், அது இருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை.

மனத்துக்குள் ஒரு கண் இருந்து தப்பாமல் பார்க்கிறது என்ற விளக்கமும் எனக்கு ஒட்டவில்லை. ஆங்கிலேயத் தத்துவஞானி காரெத் எவன்ஸ், தான் மறைந்தபின் 1982-ல் வெளியான நூலில் வேறு வழி காட்டுகிறார். மழை நாளில் இங்கே மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில், "இன்னிக்கு வண்டி ஓடும்னு நினைக்கிறீங்களா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால் யாரும் தன் மனத்தைத் துழாவுவதில்லை. வானத்தைப் பார்க்கிறோம், பக்கத்து ஸ்டேஷனான சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று விசாரிக்கிறோம். வண்டி ஓடுமா என்பதற்கு என்ன பதிலோ, அதை வைத்தே என் நினைப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்டி விஷயத்தில் நான் தப்பாகலாம், அப்படி நினைத்தேன் என்பதில் தப்பு வருவது அரிது.

நம் பக்கத்திலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. வேதச் சடங்குகளுக்கு விளக்கம் சொல்லும் மீமாம்சைத் தத்துவத்தைச் சேர்ந்த குமாரிலர் தரப்பில், அறிவு நேராகத் தெரிவதில்லை. பொருள் தெரியவந்திருப்பதைக் கொண்டு அதை ஊகிக்கிறோம். அதே மீமாம்சையைச் சேர்ந்த பிரபாகரர் தரப்போ அறிவு தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் என்றது. இந்த வழக்கைக் கட்டுரை தொடவே இல்லை.

எவன்ஸின் வழி பல்வலிக்கு உதவாது. அதற்கு வெளியே எதைப் பார்ப்பது? கட்டுரையாளர் அடுத்து அதை எழுதினால் நல்லது.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை