ஒரு ஸ்ப்ரே டெக் என் வீட்டில் இருக்கிறது

கிறைஸ்ட்சர்ச் தமிழ்ச் சொந்தங்களுக்கும், ஊரில் இருந்து போனில் தூங்காமல் காத்திருந்தவர்களுக்கும் வணக்கம்.

போட்டி முடிந்து பத்து நாளாகிறது. கால் நகம் இரண்டு போய்விட்டது, வலது தோள் மேலே எழும்ப மறுக்கிறது. இதற்கு மேலும் இந்த மடலைத் தள்ளிப்போட்டால் மரியாதையில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோஸ்ட் டு கோஸ்ட் என்பது நியூசிலாந்தின் தென்தீவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் குறுக்கே கடக்கிற போட்டி. 1983இல் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் தொடங்கி வைத்தது. மொத்தம் 243 கிலோமீட்டர்: சைக்கிள், கோட் பாஸ் வழியாக முப்பது கிலோமீட்டர் மலை ஓட்டம், வைமாகரிரி ஆற்றில் எழுபது கிலோமீட்டர் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு. கெட்டிக்காரர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். நான் இரண்டு நாள் பிரிவு. சைக்கிளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மிதித்தேன்.

முதல் நன்றி, என்னை ஃபெயிலாக்கிய கயாக் வாத்தியாருக்கு. இந்தப் போட்டியில் துடுப்புப் போட, ஓடும் ஆற்றில் கயாக்கைச் சமாளிக்கத் தெரியும் என்று காட்டும் கிரேடு 2 சான்றிதழ் வேண்டும். தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன் என்ற திமிரில் போனேன். ஆறு நேராகப் பாறையில் போய் மோதித் திரும்பும் இடங்கள் வைமாகரிரியில் நிறைய உண்டு. பாறையைக் கண்டதும் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்தால் போச்சு, வருகிற தண்ணீர் படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். பாறைப் பக்கமே சாய வேண்டும், பல நாள் கழித்துப் பார்த்த மாமாவைக் கட்டிப்பிடிக்கப் போவது போல. அன்று ஒரே மதியத்தில் ஐந்து முறை கவிழ்ந்தேன். மனுஷன் கையெழுத்துப் போடவில்லை. "மூணு மாசம் பழகிட்டு வா" என்றார். வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அன்று அவர் இரக்கப்பட்டிருந்தால் இந்த மடலை வேறு யாராவது வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

அடுத்தது அம்மாவுக்கு. போட்டி குமாரா கடற்கரையில் தொடங்குகிறது என்றதும், "குமாரனா? முருகன் பேருல்லா! ஒண்ணும் ஆவாது, போயிட்டு வா" என்று போனிலேயே தைரியம் சொல்லித் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள். அந்த ஊர்ப் பெயருக்கும் முருகனுக்கும் சம்பந்தமில்லை என்று நான் இன்றுவரை சொல்லவில்லை. குமாராவில் என்னை வரவேற்றது மயில் இல்லை, மணல் ஈ. இந்த மேற்குக் கரை ஈ கடித்தால் ஒரு வாரம் சொறிய வேண்டும்.

மலையில் டிசெப்ஷன் ஆற்றை எத்தனை தடவை கடந்தேன் என்று எண்ணவில்லை. பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆறுதான் பாதை, பாறாங்கல்தான் படி. ஓரிடத்தில் தண்ணீர் தொடைக்கு மேல் இழுத்தது. எனக்கு முன்னால் தயங்கி நின்ற இருவர் ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் வந்து என் முதுகுப் பை வாரைப் பிடித்தார்கள். நானும் அவர்கள் வாரைப் பிடித்தேன். மூன்று பேரும் ஒரே சுவர் மாதிரி நகர்ந்தோம். அக்கரையில் கையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். முகம்கூட ஞாபகமில்லை, ஒருவருடைய கையில் மஞ்சள் கையுறை. மஞ்சள் கையுறைக்கு நன்றி. கோட் பாஸ் குடிசையில் குளிரில் நின்று ஒவ்வொருவர் எண்ணையும் குறித்துக்கொண்டிருந்த தன்னார்வலர்களுக்கும்.

முதல் நாள் முடியும் கிளாண்டைக் கார்னரில் மனைவியும் மைத்துனனும் தயாராக நின்றார்கள். ஜெல், பார், பவுடர் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். கடைசியில் வயிறு ஏற்றுக்கொண்டது தயிர் சாதமும் நார்த்தங்காயும்தான். நான் டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் உருண்டை பிடித்து வாயில் ஊட்டினாள். சுற்றிலும் வெள்ளைக்காரக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமெல்லாம் மலையிலேயே கழன்றுவிட்டது.

இரண்டாம் நாள் காலை, மவுண்ட் வைட் பாலம். கயாக் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடுகிற ஸ்ப்ரே டெக்கைக் காணோம். வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது! தப்பு என்னுடையது, ஆனால் மைத்துனனைத்தான் முறைத்தேன். அவனும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சான், அதற்குத் தனியாக நன்றி. அப்போது பக்கத்து அணிக்குத் துணையாக வந்திருந்த ஒரு அம்மா, கார் டிக்கியிலிருந்து ஒன்றை எடுத்து என் மேல் வீசினார். "கொஞ்சம் பெரிசு, தண்ணி சொட்டும். போ, போ!" பெயர் கேட்க நேரமில்லை.

சொன்ன மாதிரியே சொட்டியது. பள்ளத்தாக்குக்குள் பாறை வரும் இடமெல்லாம் மாமாவை ஒழுங்காகக் கட்டிப்பிடித்தேன். கடைசியில் கவிழ்ந்தது பாறையில் இல்லை. சும்மா கிடந்த ஒரு சுழி ஓரத்தில், நார்த்தங்காயை நினைத்துக்கொண்டு துடுப்பைத் தூக்கிய நேரத்தில். வைமாகரிரி என்ற மாவோரிப் பெயருக்குக் குளிர்ந்த நீர் என்று பொருள் சொல்வார்கள். மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. பின்னால் வந்த ஓர் இளம்பெண் தன் நேரத்தை விட்டுவிட்டு, என் படகைத் தன் படகின் மூக்கால் தள்ளிக் கூழாங்கல் திட்டில் சேர்த்து, இரண்டு பேருமாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, "நல்லா இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்டு, மூன்றாவது தடவை பதில் சரியாக வந்த பிறகுதான் போனார். அவர் இழந்த நிமிடங்களை நான் எப்படித் திருப்பித் தருவது?

போட்டி முடியும் நியூ பிரைட்டனில் கடலைப் பார்த்தபோது மகள் கூடவே ஓடி வந்தாள், என்னைவிட வேகமாக.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஸ்ப்ரே டெக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கறுப்பு நிறம், நீலக் கரை, முன் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துக் கராஜில் தொங்கவிட்டிருக்கிறேன். கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் கயாக் கிளப் பலகையில் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியாயிற்று. உங்களில் யாராவது அவரை அடையாளம் கண்டால் எனக்குச் சொல்லுங்கள். நானே கொண்டுபோய்த் தருகிறேன். கூடவே ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்திருக்கிறாள் வீட்டில்.