பழைய காலண்டர் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

போன வாரம் பள்ளி விடும் நேரத்தில் ஒரு அம்மா என்னை வாசலில் நிறுத்தினார். "டீச்சர், பிள்ளையோட நோட்டுல பாதித் தாளைக் காணோம். கேட்டா கப்பல் செஞ்சேங்கிறான். வெள்ளிக்கிழமை பாடமே நடக்கறதில்லையா?" என்று கேட்டார். காலையிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு வந்திருந்தார். நின்றபடியே ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நோட்டைக் கிழித்தது தப்புதான். பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையில் நடக்கும் காகித வேலையும் பாடம்தான்.

நாலாம் வகுப்பில் பின்னம் நடந்தபோது கால் பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டோம். பாதி வகுப்பு எட்டில் ஒன்று என்றது. நாலைவிட எட்டு பெரிதல்லவா, அந்தக் கணக்கு. கரும்பலகையில் எத்தனை வட்டம் போட்டுக் காட்டியும் ஏறவில்லை. அப்புறம் ஆளுக்கொரு காலண்டர் தாளைக் கொடுத்து, பாதியாக மடியுங்கள், அதையும் பாதியாக மடியுங்கள், இன்னும் ஒரு தடவை மடியுங்கள் என்றோம். விரித்தால் எட்டுக் கட்டம். ஒரு பையன் அதில் ஒரே ஒரு கட்டத்துக்குச் சிவப்புப் பென்சில் தீட்டினான். மறுபடி மடித்தான், பிரித்தான், மடித்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மடிக்க மடிக்க எண்ணிக்கை கூடுது, ஆனா துண்டு சின்னதாகுது டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அவனே சொல்லிக்கொடுத்தான். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் எட்டில் ஒன்று பெரிது என்று சொல்லவில்லை.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. ஜெர்மனியில் 1837-இல் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃப்ரோபெலின் முறையில் காகித மடிப்பும் ஒரு பயிற்சி. அதிலிருந்து யோசனை பிறந்து, நம் சென்னை மாகாணத்துக்காரரான சுந்தர ராவ், காகிதத்தை மடித்தே வடிவியலைக் காட்டும் நூலை ஆங்கிலத்தில் எழுதி 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஃபீலிக்ஸ் க்ளைன் என்ற பெரிய ஜெர்மன் கணித அறிஞர் அதைப் பாராட்டிக் குறிப்பிட்டபின் வெளிநாட்டிலும் பேர் பெற்றது. கோணல்மாணலான ஒரு துண்டுத் தாளிலிருந்து சதுரம் எடுப்பதில்தான் அந்த நூல் தொடங்குகிறது. நம் இரண்டாம் வகுப்பும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கு இதெல்லாம் இல்லை. அங்கே விரலுக்குத்தான் வேலை. விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கை நகத்தால் மடிப்பை நீவ வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஐந்து வயது விரலுக்கு அது பெரிய வேலை. அமுக்கிய கை நகர்ந்துவிடும், தாள் கோணும், மறுபடி முதலிலிருந்து. பென்சிலை அழுத்திப் பிடிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுப்பதைப் பார்க்கிறோம். ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுகிற உங்கள் விரலுக்கு அந்த நிதானம் ஒரே நாளிலா வந்தது?

அதனால்தான் உங்களிடம் முக்கியமாக ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து பிள்ளைக்காக நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வரையாடு முகமூடி செய்து வரச் சொன்னபோது ஒரு குழந்தை வெல்வெட் பேப்பர், ஜிகினா எல்லாம் வைத்து அழகாகச் செய்த முகமூடியைக் கொண்டுவந்தாள். யார் செய்தது என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். இடைவேளையிலும் அதைத் தொடவில்லை, பையிலேயே கிடந்தது. அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் பிஸ்கட் அட்டையில் செய்திருந்தான். ஒரு கொம்பு நெற்றியில், ஒரு கொம்பு காதுக்குக் கீழே. ஆனால் கொம்பு பின்பக்கமாக வளைய வேண்டும் என்று தெரிந்து, பென்சிலில் சுருட்டிச் சுருட்டி அட்டையை வளைத்திருந்தான். நாள் முழுக்க அது அவன் முகத்தில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டார் ராத்திரி கண்விழித்து அன்போடுதான் செய்திருப்பார்கள், தெரியும். பக்கத்தில் உட்காருங்கள், தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும்.

காசு செலவழித்து எதுவும் வாங்க வேண்டாம். தினம் கிழிக்கும் காலண்டர் தாள், மாதக் காலண்டர், ஒரு பக்கம் அச்சான ஜெராக்ஸ் தாள், பழைய கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாள் இருந்தால் போதும். ஜிகினாவும் தெர்மாகோலும் வேண்டவே வேண்டாம். மழையில் அடித்துக்கொண்டு போய் ஓடையில்தான் சேரும். தமிழ்நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். நம் மலையில் அதற்குப் பல வருடம் முன்பே பிளாஸ்டிக் பையை விட்டவர்கள் நாம். கடை பில், ஏடிஎம் சீட்டு மாதிரி வழவழப்பான தாள்களில் ரசாயனப் பூச்சு உண்டு, அவற்றையும் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் செய்துவரும் செய்தித்தாள் பையில் துணி, பென்சில், சாமான் எது வேண்டுமானாலும் வையுங்கள். வடை பஜ்ஜி மட்டும் வேண்டாம், அச்சு மை தின்பண்டத்தில் ஒட்டும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது, மஞ்சு என்கிற மூடுபனி. மழைக்காலத்தில் தாளும் அப்பளம் மாதிரி நமத்துப் போகிறது. மடிப்பு நிற்பதில்லை, ஒட்டியது காயாமல் பிரிகிறது. அனுப்பும் தாளை மூடியுள்ள டப்பாவில் போட்டுவைத்து அனுப்பினால் நல்லது. ஈரத் தாளைக் காய வைக்கிறேன் என்று பிள்ளைகள் விறகடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசை, பள்ளியிலேயே மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுகிறோம். இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில் துத்தம் கலக்கலாமே என்று ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அது விஷம், பசைக் கையை வாயில் வைக்கும் வயது இது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறோம்.

கத்தரிக்கோல் மூன்றாம் வகுப்பிலிருந்துதான், அதுவும் முனை மழுங்கியது. சின்னவர்கள் கையால் கிழித்து ஒட்டுவார்கள். வீட்டில் செய்தித்தாள் இருந்தால் பிள்ளையோடு சேர்ந்து நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக வரும், மறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். காகிதத்தில் இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதுதான் காரணம். உடனே சொல்லிவிடாதீர்கள், பிள்ளையே கேட்கட்டும்.

கத்திக் கப்பல் எங்கள் ஆசிரியர்கள் யாருக்கும் சரியாக வரவில்லை. கத்தியை இழுத்தால் கப்பல் கிழிகிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாருக்காவது தெரிந்திருந்தால் வரும் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மூன்றாம் வகுப்புக்கு அவசியம் வர வேண்டும். மழை பெய்தால் பள்ளி முற்றத்துச் சாக்கடையோரம் கப்பல் விடுவோம். முடிந்ததும் நனைந்த தாளையெல்லாம் பிள்ளைகளே பொறுக்கி எடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி
கோத்தகிரி வட்டம், நீலகிரி